ஒரே புழுதான் என்று நீங்களே சொன்னீர்கள்

இரும்பை உரக்கடை சக்கரபாணி ஐயா அவர்களுக்கு,

மரக்காணம் கௌதம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் கூடத்தில் மருந்து நெடி அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் இலக்கியாவைப் பெண் கேட்டு வந்த அன்று பிஸ்கட் டின்னையும் தூக்கி வந்தது என் தப்புதான். உப்பளத்து வேலையிலிருந்து நேராக பஸ் ஏறினேன், ஆராய்ச்சிக்குப் பிடித்த புழுக்களை எங்கே விடுவது? பலகாரம் என்று உங்கள் வீட்டம்மா திறந்தார்கள், புழு சோபாவில் ஏறியது, நீங்கள் ஸ்பிரேயரோடு ஓடிவந்து என் மூன்று மாத உழைப்பை மூன்று நிமிடத்தில் முடித்தீர்கள். செத்ததைத் தூக்கிப் பார்த்து, "ஏம்பா, இது எங்க தண்டுக்கீரையில வர்ற அதே புழுதானே, இதை எண்ணுறதுக்கு ஒரு வேலையா?" என்றீர்கள்.

அதே புழு இல்லைங்க. இது உப்பள வரப்பில் முளைக்கும் உமரிக்கீரையில் பிறந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றுதான். தின்கிற செடியிலேயே வளர்ந்து, பூச்சியானதும் அங்கேயே ஜோடியும் தேடுறதால ஒண்ணை ஒண்ணு பார்க்கிறதே இல்லை, அப்படியே பிரிஞ்சு வேற வேற இனமாகிட்டு வருதுன்னு எங்க ஆராய்ச்சி மேடம் சொல்றாங்க. (சோதனைக்கு வைத்திருந்த உமரியை அம்மா பருப்பு போட்டுக் கடைந்துவிட்டார்.) முப்பது வருஷமா பூச்சிமருந்து விக்கிற உங்களுக்கே அந்த வித்தியாசம் தெரியலை. ஆனா வாசப்படி ஏறுறதுக்குள்ள எங்களைக் கண்டுபிடிச்சிட்டீங்க. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், கூட வந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் பேப்பர் கப். புழுவைப் பிரிச்சது கீரைங்க. நம்மளைப் பிரிச்சது எந்தக் கீரை?

மறுவாரமே இலக்கியாவைச் சென்னைக்கு அனுப்பிவிட்டீர்கள். நாற்பது நாளாகிறது. நாங்கள் தினமும் வந்த பஸ்ஸில் அவள் உட்காரும் ஜன்னலோரத்தில் யாரோ மீன்கூடை வைக்கிறார்கள். வரப்பில் குனிந்து புழு எண்ணும்போது சென்னை பஸ் ஹாரன் கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். தினமும் அவளுக்குச் செய்தி அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அவளை எனக்குக் கொடுங்கள் என்று மறுபடி கேட்கவே இக்கடிதம்.

உங்கள் வியாபாரம் செழிக்கவும், புழுக்கள் எப்படியாவது தப்பிக்கவும் வேண்டிக்கொண்டு,
கௌதம்

பி.கு.: பிழை திருத்தச் சொல்லி இதைப் போட்டோ எடுத்து இலக்கியாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "நான் என்ன யூரியா மூட்டையா, எங்கப்பாகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போக? மூணு வருஷமா ஒரே பஸ்ல வந்தியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலைங்க" என்றேன்.

"என்னை யாரும் சென்னைக்கு அனுப்பலை. வேலை கிடைச்சுது, வந்துட்டேன்."

நேரில் வந்து கேட்கிறேன், முகவரி சொல்லுங்க என்றேன். "அதை வேணும்னா எங்கப்பாகிட்ட கேளு" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே ஐயா, மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். முகவரியை மட்டும் அனுப்பவும்.