ஊர்மிளாவுக்கு ஒரு தையல் அறை

பிஜியை விட்டு ஓர் அங்குலம்கூட நகர மாட்டேன் என்று நான் சபதம் செய்தபோது, அதற்குச் சாட்சி பக்கத்து வீட்டுக்காரன் சிட்னி ஒருவன்தான். யங்கோனா என்ற வேர்ச்சாறு குடித்து அவனுக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. 'சபாஷ்' என்று சொல்ல முயன்று 'சப்பா' என்றான். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் ரேடியோவில் 'கூ' நடந்துவிட்டது, ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்றார்கள். நான் நாடி என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்புக் காட்டில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த 'கூ' கரும்பு ரயில் போடுவது. அது கூவினால் கரும்பு போகும். இது தலைநகர் சுவாவில் கூவியது, எங்கள் இந்திய ஆட்கள் போனார்கள். எண்பத்தேழில் கூவியபோது கொஞ்சம் பேர் போனார்கள். இந்த முறை அதே சுவாவில் நாங்கள் குடியிருந்த சமபுலா தெருவையே துடைத்து எடுத்துக்கொண்டு போனது. ஷைலேந்திரா வாத்தியார் வீடு காலி. லீலாவதி அக்கா வீடு காலி. எங்கள் ஒரே மகள் ரஞ்சீதாவும் மாப்பிள்ளை நிதேஷும் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போனார்கள்.

தெருவில் யாராவது "சிட்னிக்குப் போறோம்" என்றால், ஊரை விட்டுப் போகிறார்களா, பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போகிறார்களா என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

"எல்லாரும் சிட்னி சிட்னின்னு பறக்கறாங்க, அண்ணே. இந்தச் சிட்னியத் தேடி ஒருத்தனும் வரல," என்பான் அவன்.

ரஞ்சீதா சும்மா இருக்கவில்லை. என்னையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டாள், விசாவும் வந்துவிட்டது. நான் என் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி ஊர்மிளா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொன்னால் எனக்குத் தைரியம் வரும். சொல்லாவிட்டால்தான் பயம்.

ஊர்மிளா தையல்காரி. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆம்பளைகள் இடுப்பில் கட்டும் சூலு, எல்லாம் தைப்பாள். "சூலு தைக்கிறதுதான் சுளுவு, ரவிக்கைதான் ராவடி," என்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மெஷின் சமையலறை மூலையில்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் துணி. அரிசி டின் மேல் துணி. ஒருநாள் என் சோற்றில் ரவிக்கை ஹூக் கிடந்தது. மீன் முள் என்று துப்பினேன். அவள் அதைப் பொறுக்கிக் கழுவி யாரோ ஒருத்தி முதுகில் வைத்துத் தைத்துவிட்டாள்.

"எனக்குன்னு ஒரு தையல் ரூம் இருந்தா…" என்று இருபது வருஷமாக ஆரம்பிப்பாள். முடித்ததே இல்லை.

எனக்கு மூளை மின்னியது. கேட்டதைக் கொடுத்துவிட்டால் அதை விட்டுவிட்டு எங்கே போவாள்?

"ஊர்மிளா, ரஞ்சீதா ரூமை உனக்குத் தையல் ரூமா மாத்தித் தரப் போறேன்."

கத்தரிக்கோல் பாதி வழியில் நின்றது. "யாரு, நீங்களா?"

"நானேதான்."

"யங்கோனா குடிச்சீங்களா?"

"இன்னிக்கு இல்ல."

"அப்ப காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "சரி. ஆனா நான் சொல்றபடிதான் அடுக்கணும்."

வலையில் விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். யார் விழுந்தது என்பது பிறகு தெரிந்தது.

நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர்மேன். அடுக்குவது என் தொழில். முன் சக்கரச் சாமான் முன்னால், பின் சக்கரச் சாமான் பின்னால். அதே முறையில், ரவிக்கைத் துணி மேலே, பாவாடைத் துணி கீழே என்று பிரித்தேன். ஊர்மிளா வந்து பார்த்து அத்தனையையும் கலைத்தாள்.

"இது கல்யாணத் துணி. இது தீபாவளித் துணி. இது யார் கேட்டாலும் தரக்கூடாத துணி."

"மூணும் சிவப்பாத்தானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு நானும் பக்கத்து வீட்டு இவாவும்கூட ஒண்ணாத்தான் தெரிவோம்."

இவா சிட்னியின் மனைவி. அதனால் அந்தப் பேச்சை நான் மேலே வளர்க்கவில்லை.

சுவர் முழுக்க அலமாரி அடிக்கப் பலகை எடுத்து வந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

"சுவா மழையில பூசணம் பிடிக்கும். கரப்பான் முட்டை போடும். மூடி போட்ட அட்டைப் பெட்டியா கொண்டாங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கணும்."

"எந்த அளவு?"

"ஒரு ஆள் தூக்கற அளவு."

கடையில் பிரேக் சாமான் வந்த பெட்டிகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன். துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்பு விழாது என்றாள், சுருட்டினேன். ஜரிகையைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றினால் கறுக்காது என்றாள், சுற்றினேன். நூல்கண்டுகளை நிறம் பார்த்துக் கோத்தேன். ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள். இங்கிலீஷில் எழுதச் சொன்னாள். கேட்டதற்கு, "உங்க தமிழ்க் கையெழுத்து எனக்குப் புரியாது," என்றாள். அது உண்மை என்பதால் மேலே கேட்கவில்லை.

வேலையின் நடுவில் ரஞ்சீதாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொத்தான்கள். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கடை வைப்பாள். இந்தப் பொத்தான்தான் காசு. நான்தான் வாடிக்கைக்காரன். நான் வேண்டுமென்றே உடைந்த பொத்தானைக் கொடுத்து ஏமாற்றப் பார்ப்பேன். "செல்லாது, செல்லாது, அப்பா" என்று கத்துவாள். அடிக்குப் போன உடைந்த பொத்தான் ஒன்றைத் தேடி எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஊர்மிளா நின்றாள். "என்ன, பொத்தானை எண்றீங்களா?"

"ம்."

"எண்ணுங்க," என்றாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அறை அழகாகிவிட்டது. பெட்டி மேல் பெட்டி, கோயில் கோபுரம் மாதிரி. சிட்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அரே அண்ணே, துறைமுகம் மாதிரி இருக்கே!" என்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் லாரி வந்தது. இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள் "புலா, புலா!" என்று பிஜி வணக்கம் சொல்லி, கும்பிடாத குறையாக உள்ளே வந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி. அளவு கச்சிதம்.

"ஊர்மிளா! எங்க போகுது இதெல்லாம்?"

"கப்பலுக்கு."

"கப்பல் எங்க போகுது?"

"ஆக்லாந்துக்கு."

"யாரைக் கேட்டுக் கட்டின?"

"நான் எங்க கட்டினேன்? கட்டினது பூரா நீங்கதானே!"

"இது உன் தையல் ரூம்டி!"

"ரூம் இங்கேயே இருக்கட்டும். தையல்தான் போகுது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் ரவிக்கைக்காரிங்க பாதிப் பேரு ஆக்லாந்துலதான் இருக்காங்க. லீலாவதி அக்கா ஒரு கை இன்னும் தைக்காத ரவிக்கையை என்கிட்ட விட்டுட்டு அங்கதான் போயிட்டாங்க. ஒத்தக் கையோட எத்தனை நாள் இருப்பாங்க? நான் இங்க காலி வீட்டுக்கு அளவு எடுக்கவா?"

"அதுக்காக?"

"ரஞ்சீதா போன்ல உங்ககிட்ட சிரிக்கிறா. என்கிட்ட அழறா. அது உங்களுக்குத் தெரியாது."

தெரியாதுதான். தெரியாது என்று ஒப்புக்கொள்ள முடியாத ஆம்பளை என்ன செய்வான்? சத்தம் போடுவான்.

"நான் வர மாட்டேன்! எங்க தாத்தா கரும்பு வெட்டின மண்ணு இது! என் எலும்பு இங்கதான்…"

"சரி," என்றாள்.

அவள் அழுவாள், காலைப் பிடிப்பாள், அப்போது என்ன சொல்லலாம் என்று பாதிப் பேச்சைப் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தச் 'சரி' அத்தனையையும் விழுங்கிவிட்டது.

நாடி விமான நிலையத்துக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கரும்பு. அவள் ஜன்னல் பக்கம், நான் அவள் பக்கம். கேட்டைத் தாண்டும் முன்னால் திரும்பிப் பார்த்தாள். இப்போது கூப்பிடுவாள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மாங்கா ஊறுகாய் ஃப்ரிட்ஜுல இருக்கு. ஈரக் கரண்டி போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போன் வரும். கூப்பிட்டால் மறுப்பதற்கு நான் தயாராக இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று மறுத்தும் பார்த்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்பாள்.

"ம்."

"மழையா?"

"ம்."

"சரி, வைக்கட்டுமா?"

வைத்துவிடுவாள். கூப்பிடாதவளை எப்படி மறுப்பது?

வீடு முழுக்க வெறுங்காலோடு நடந்தேன். ஓர் ஊசிகூடக் குத்தவில்லை. சமையலறை மூலையில், பெட்டிகளோடு கப்பலேறிய மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. அந்த இடத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. மெஷின் கடகடவென்று ஓடும் சத்தத்தில் பழகிய காதுக்குத் தூக்கம் வரவில்லை. இவா தேங்காய்ப்பாலில் மீன் வைத்து அனுப்புவாள். சிட்னி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்காருவான்.

"அண்ணே, அண்ணி கூப்பிட்டா போவீங்களா?"

"முதல்ல கூப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்."

"கூப்பிடலேன்னா?"

மீன் நல்ல மீன். ஆனால் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் "மழையா?" என்று கேட்பதற்குள் நானே பேசிவிட்டேன்.

"ஊர்மிளா."

"ம்."

"நான்… வரட்டுமா?"

பின்னால் ரஞ்சீதா "என்னம்மா, என்னம்மா?" என்று கேட்பது போனில் கேட்டது.

"வர மாட்டேன்னீங்களே?"

"சும்மா, ரஞ்சீதாவப் பாத்துட்டு…"

"வாங்க. இங்க குளிரு ஜாஸ்தி. உங்களுக்குன்னு கம்பளிச் சட்டை ஒண்ணு தச்சு வச்சிருக்கேன். முழுக்கை."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கண்ணும்தான். அதோடு போனை வைத்திருக்கலாம். விதி, கேட்டுத் தொலைத்தேன்.

"நான் வர்றேன்னு இப்பத்தானே சொன்னேன். எப்ப தச்ச?"

"பெட்டி வந்து இறங்கின அன்னிக்கே. முதல்ல தச்சது அதுதான்," என்றாள். "போட வேண்டிய ஆளுக்குத்தான் வாயத் திறக்க இத்தனை ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு."