கொரோபரேட் அண்ணன் கொடுத்த முட்டு

சூரியன் உதித்ததைக்கூட இரண்டு பேர் சொன்னால்தான் ஒப்புக்கொள்ளும் மனிதர் எங்கள் எலப்புள்ளியில் ஒருவரே: கொரோபரேட் அண்ணன். பாலக்காட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஒருவர் சொன்னதை வேறொரு சான்று வலுப்படுத்துவதைக் குறிக்கும் 'கொரோபரேட்' (corroborate) என்ற ஆங்கிலச் சொல்லைக் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மனைவி "சோறு ஆயிருச்சுங்க" என்றால் மருமகளிடமும் ஒரு வார்த்தை கேட்பார்.

"லத்தீனுங்க தம்பி," என்று எனக்கு விளக்கினார். "அந்தச் சொல்லு ஓக் மரத்துலிருந்து வந்தது. நம்மூருக்குத் தேக்குன்னு வெச்சுக்குங்க. குலை தள்ளுன வாழைக்கு முட்டுக் கொடுக்கறமில்ல, அதேதான்."

அகராதிகளைப் புரட்டினேன். லத்தீனில் ஓக்குக்கும் வலிமைக்கும் ஒரே சொல்தான். அதன் வழியில் பிறந்த இந்த வினை, பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. உடம்புக்குத் தெம்பூட்டும் மருந்துக்கும் ஒரு காலத்தில் இதன் உறவுச் சொல்தான் பெயர். போய்ச் சொன்னேன்.

"எத்தனை அகராதிங்க?"

"மூணுங்க."

"ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதியிருப்பானுங்க."

இப்படிப்பட்டவரிடம்தான் எனக்குப் பெண் கொடுக்க நினைத்தவர் வந்து விசாரித்தார். இடம், டீக்கடை. நான் உள்ளே மைதா மூட்டைக்குப் பின்னால்.

"பையன் எப்படிங்க?"

"நல்ல பையனுங்க. ஆனா நான் சொன்னாப் பத்தாது. நான் பக்கத்து ஊடு."

டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். "நீ அவன் கூட்டாளி, சும்மா இரு" என்று அண்ணன் அவரை அடக்கிவிட்டு, தெருவில் போன பழனியப்பனைக் கைதட்டிக் கூப்பிட்டார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவன் அவன். என் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"அவனா? வாயி நீளமுங்க. என்னையக் கோர்ட்டுக்கு இழுப்பேன்னவன்." பழனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "ஆனா என்ற முறைத் தண்ணியத் தொட்டதில்லீங்க. கள்ளுக்கடைப் பக்கமும் பாத்ததில்ல."

பெண்ணின் அப்பா இன்னொரு டீ சொன்னார். அந்த ஆவணியிலேயே கல்யாணம்.

விருந்தெல்லாம் ஓய்ந்தபின் அண்ணனிடம் கேட்டேன்: "ஏனுங்ணா, அவன் ஏறுக்குமாறாச் சொல்லியிருந்தா?"

"அவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சு, முந்தின நாளே அவன் ஊட்டுக்குப் போயிக் கேட்டுட்டனுங்க தம்பி."

"சாட்சிய முன்னாடியே போய்ப் பாக்கலாமுங்களா?"

அண்ணன் வாழைத்தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணாலம்னா கோர்ட்டுங்களா?"

பழனியப்பனிடம் இதை நான் இன்றுவரை கேட்டுச் சரிபார்க்கவில்லை.