சம்பந்தி சுமந்த வாழைத்தார்

உ

ஜீயபுரம்
20-6-1961

அரக்கோணத்தில் அத்தனை ரயிலையும் ஒற்றைக் கொடியால் நிறுத்தி வைக்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் பிச்சை அவர்கள் சமூகத்துக்கு, வாழைக்காய் வியாபாரம் வீரமலை கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை பவுனம்மாளும் மகள் வேலம்மாளும் சமயபுரத்தாள் புண்ணியத்தில் உடம்பு சுகமாக இருக்கிறோம். உடம்பைத் தவிர மற்ற எதுவும் சுகமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் உங்கள் தொந்தியும் சௌக்கியம்தானே?

மச்சான், ஆவணியில் வேலம்மாள் கழுத்தில் தாலி ஏறுமா ஏறாதா என்று தெரியவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கரூர் ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் காட்டூரிலிருந்து சம்பந்தி மூக்கன் ஆள் அனுப்பிவிட்டாரோ என்று ஓடுகிறேன். இறங்குகிறவள் தயிர்க்காரி. திரும்பி வந்தால் உங்கள் தங்கை என்னிடம் பேசாமல் அம்மிக்கல்லிடம் பேசுகிறாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தா இந்தக் கதி வருமா"ன்னு அதைக் கேக்குறா. அம்மி என்ன சொல்லும், அதுவும் அவள் பக்கம்தான்.

நடந்தது இதுதான். பரிசம் போட்டு முடித்த மத்தியானம், சம்பந்தி வீட்டார் ஆறு பேரும் சீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் திரும்புவதாகச் சொன்னார்கள். வந்த பஸ்ஸெல்லாம் நிற்காமல் போய்விட்டன. நம்ம லாரி சீரங்கத்துக் கடைகளுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்றது. "பஸ்ஸு எதுக்கு, புஷ்பக விமானம் இருக்கே"ன்னு நான்தான் சொன்னேன். தார் மேல் ஜமக்காளம் விரித்து, சம்பந்தி, அவர் சம்சாரம் காளியாயி, தம்பி செவந்திலிங்கம், இன்னும் மூன்று பேர் என்று அத்தனை பேரையும் ஏற்றிவிட்டு, நான் டிரைவர் ஷேக் தாவூது பக்கத்தில் உட்கார்ந்தேன். காவேரிப் பாலம் தாண்டும் வரைக்கும் ராஜ ஊர்வலம்தான். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வர, தாவூது வண்டியை ஒடிக்க, லாரி ஒரு வீட்டு மதிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, தாயே காப்பாற்றினாள். சம்பந்தியை மட்டும் தாருக்கு அடியிலிருந்து உருவி எடுத்தோம். வீட்டுக்காரர் ரிட்டயரான வக்கீல் ஐயங்கார், துளசி மாலையும் கையுமாக ஓடி வந்தார்.

"என்ன அக்கிரமம் இது! வாசல்ல என்னய்யா எழுந்தருளியிருக்கு?"

"வாழைக்காய் சாமி."

"எங்காத்து மதில்தான் கெடைச்சுதா அதுக்கு?"

லாரிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, மதிலைக் கம்பெனி கட்டிக் கொடுக்குமே என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். தாவூது என் காதைக் கடித்தான். சரக்கு லாரியில் ஜனங்களை ஏற்றக் கூடாதாம், சட்டமாம். சரக்கை ஏற்றி இறக்குகிற ஆட்கள் என்றால் ஆறு பேர் வரைக்கும் போகலாமாம். சம்பந்தம் பேச வந்தவர்கள் என்று தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும், லாரி பெர்மிட்டும் போய்விடும் என்றான். அதற்குள் போலீஸ் ஏட்டு வந்துவிட்டார்.

"யாருய்யா இவங்கள்லாம்?"

"லோடு தூக்குற ஆளுங்க சார்" என்றான் தாவூது.

"பட்டு வேட்டியில லோடு தூக்குவாங்களா?"

"எங்க முதலாளி ஆளுங்கள நல்லா வச்சுப்பாரு சார்."

ஏட்டு என்னைப் பார்த்து, மேஸ்திரி யார் என்றார். செவந்திலிங்கம் வெயிலுக்கு முண்டாசு கட்டியிருந்தார், மேஸ்திரி களை இருந்தது. அவரைக் காட்டினேன். எழுதிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நஷ்டத்தைப் பார்த்து எழுத, சவரிநாதன் என்று ஒரு சர்வேயர் வந்து சேர்ந்தார். ரொம்பத் தங்கமான மனுஷன், அதுதான் ஆபத்து. "கோவிச்சுக்காதீங்க, அந்த ஆளுங்க லோடு ஏத்தறத என் கண்ணால பார்த்தாத்தான் நான் எழுத முடியும்"னுட்டார். நான் காட்டூருக்கு ஓடினேன். சம்பந்தி கையைப் பிடித்து, "லாரி போனா சீர் எதுலேருந்து வரும் சம்பந்தி?" என்றேன். யோசித்தார். மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு, லோடு ஏற்றுகிற வாழைத்தோப்புக்கு வந்தார்.

காளியாயி அக்கா இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த நடை இருக்கிறதே, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற மாதிரி இருந்தது. செவந்திலிங்கம் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "டேய் கெழவா, காம்பப் புடிச்சுத் தூக்குடா"ன்னு சொந்த அண்ணனையே அதட்டினார். சர்வேயர் தலையாட்டி எழுதினார். சம்பந்தி தாரைத் தோளில் வைத்துச் சுமந்தார். பால் வடிந்து, சட்டையெல்லாம் வாழைக்கறை. அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சம்பந்தி, இன்னும் நாலு தார் தூக்கினீங்கன்னா மாப்பிள்ளைய விட நீங்க எளசாத் தெரிவீங்க"ன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காப்பி வேண்டாம் என்று பஸ் ஏறினவர், "ஆவணிப் பேச்ச இப்ப எடுக்க வேணாம்" என்று மறுநாள் சொல்லியனுப்பினார். வேலம்மாள் அதைக் கேட்டுவிட்டுப் பரிசப் புடவையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அழுதால்கூடத் தேவலை மச்சான், மடிக்கிறாள்.

நீங்கள் தாய்மாமன். உங்கள் காக்கிச் சட்டைக்குச் சம்பந்தி மரியாதை கொடுப்பார். இரண்டு நாள் ரயில்களை அதுபாட்டுக்குப் போகவிட்டு, உடனே வந்து அவர் மனசை ஆற்றுங்கள். நான் அவர் முன்னால் வாயே திறக்க மாட்டேன், வயலூர் முருகன் மேல் ஆணை. பிள்ளைகளுக்கு அந்த முருகன் படிப்பையும், உங்களுக்கு லீவையும், எனக்கு நாவடக்கத்தையும் கொடுக்கட்டும். அக்காவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்
வீரமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பஸ் சத்தம் கேட்டது. ஓடினேன். தயிர்க்காரிக்குப் பின்னால் காளியாயி அக்கா இறங்கினார். சம்பந்திக்கு என் பேச்சு மேல் வருத்தமே இல்லையாம். தார் தூக்கினதிலும் இல்லையாம். "மூத்தவரு இருக்கையில சின்னவர மேஸ்திரின்னு எழுதிக் குடுத்திட்டீங்களே, அதுலதான் அவருக்குச் சோறு எறங்கல" என்றார். உடனே சவரிநாதனிடம் போய், முண்டாசைப் பார்த்து ஆள் மாறிப்போச்சு என்றேன். அப்படியானால் திரும்ப ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை செவந்திலிங்கம் தூக்குகிறார், சம்பந்தி வரப்பில் உட்கார்ந்து அதட்டுகிறார். காட்டூரில் இப்போதே முண்டாசு கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வேலம்மாள் புடவையை வெளியே எடுத்துவிட்டாள். ஆகையால் மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடுங்கள், அவசரமாக வர வேண்டாம். அப்படியே வந்தாலும் திருச்சி ஜங்ஷனில் நம்ம லாரியைப் பார்த்துக் கையைக் காட்டிவிடாதீர்கள். நீங்கள் ஏறினால் ஏழாவது ஆள்.