தெரியாத முடிச்சுக்கு மார்க் இல்லை

ஆரணி
12-10-1978

அன்பு மிகுந்த கற்பகம் அக்காவுக்கு, உன் சித்தப்பா மகள் குணசுந்தரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, தறி, பசுமாடு யாவரும் நலம். அங்கே பெரியப்பா, பெரியம்மா, உன் பிரெஞ்சு மொழி ஆகியோரின் நலமறிய ஆவல். இந்தக் கடிதத்தை வழக்கம்போல் நீ சத்தமாகப் படிப்பாய், பெரியம்மா வெற்றிலை மென்றபடி கேட்பார்கள் என்று தெரியும். ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன்.

"தறிக்காரர் மகள் நெசவில் ஃபெயிலாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். எங்கள் பள்ளிக்கு இயற்பியல் வாத்தியார் வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. என் மார்க் மட்டும் ஆறே நாளில் வேலூர் வந்துவிட்டது. மகிழ்ச்சி. நிஜம்தான். பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு, நெசவு செய்முறை, ஐம்பதுக்கு நாலு.

நீ பழைய பதினோராம் வகுப்பை முடித்து பி.யு.சி.க்குப் போன புண்ணியவதி. எந்தப் பாடம் வேண்டும், எந்த மொழி வேண்டும் என்று உன்னைக் கேட்டார்கள். பிரெஞ்சு என்றாய், கொடுத்தார்கள். 'என் பெயர் கற்பகம், என் பூனை கறுப்பு' என்று எழுதி எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாய். உங்கள் வீட்டில் பூனையே கிடையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் இங்கே பிறந்தது முதல் பேசிவரும் தமிழில் ஒன்பது பக்கம் எழுதி, ஒற்று மிகுந்த இடத்திலும் மிகாத இடத்திலும் வெட்டுப்பட்டு நாற்பத்தொன்று வாங்கினேன். அதுவாவது போகட்டும். எனக்குப் பாடப்பிரிவு கிடைத்த கதையைக் கேள்.

நாங்கள் பிளஸ் டூவின் முதல் செட். எந்தப் பிரிவை யாருக்குக் கொடுப்பது என்று அரசாங்கம் என்ன சொல்லியிருக்கிறதோ, எங்கள் தலைமை ஆசிரியர் சுப்பராயலு சாரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "உங்கப்பா என்ன வேலை?" அரிசி மில் என்றால் வணிகவியல். நிலம் என்றால் விவசாயம். தறி என்றால் நெசவு. கான்ஸ்டபிள் மகன் வேலு வந்தபோதுதான் கொஞ்சம் திணறினார். போலீசுக்கென்று பிரிவு இல்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "காக்கியும் துணிதானேடா" என்று அவனையும் நெசவில் போட்டார். என் முறை வந்ததும், "சார், எனக்கு அறிவியல் பிரிவு வேணும். டாக்டருக்குப் படிக்கணும். சயின்ஸ்ல எண்பத்தாறு மார்க் சார்" என்றேன். சார் சிரித்தார். "தறிக்காரர் வூட்டுப் பொண்ணு. நெசவுல நூத்துக்கு நூறு உன் கையிலயே இருக்குது. அத வுட்டுட்டு எதுக்கும்மா பேஜார்?" என்றார். நூறு மார்க் கையில் இருப்பது தெரியாமல் நான் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதது என் அறியாமைதான்.

நெசவு ஆசிரியர் ராஜவேலு சார் நல்லவர். எங்கேயோ பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர். தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாக்கட்டையை, வாலைப் பிடித்து எலியைத் தூக்குவது போலத் தூக்குவார். செய்முறைத் தேர்வில் அவர் கொடுத்த கேள்வி: 'அறுந்த பாவு இழையை முடிச்சிட்டு, ஒரு சாண் நெய்து காட்டுக.' முடிச்சிட்டேன், நெய்தேன், எழுந்தேன். சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து லென்சு வரவழைத்துப் பார்த்தார்.

"முடிச்சு எங்கம்மா?"

"உள்ளதான் இருக்குது சார்."

"கண்ணுக்குத் தெரியலியே?"

"எங்க வூட்ல முடிச்சு தெரிஞ்சா சேலைய யாரும் வாங்கமாட்டாங்க சார்."

"உங்க வூட்டு சேலையா இது? பரீட்சைம்மா. தெரியாத முடிச்சுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

பக்கத்துத் தறியில் வேலு ஒரு முடிச்சுப் போட்டிருந்தான். புளியங்கொட்டை அளவு. வாசலில் நின்றே பார்க்கலாம். அவனுக்கு நாற்பத்தாறு. எனக்குக் கிடைத்த நாலு, ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டதற்காக.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன். ஆரணியில் நெசவுப் பிரிவு, அதில் தறிக்காரர் மகள் நாலு மார்க் என்றால் பள்ளியின் மானம் என்னாவது? அப்பாவை வரச்சொல்லி ஆள் வந்தது. அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தலைமை ஆசிரியர் நான் நெய்த துணியை நீட்டினார். அப்பா அதன்மேல் ஒருமுறை நகத்தை ஓட்டினார். அவர் நெய்ததில் யாராவது குற்றம் சொன்னால் இரண்டு நாள் சோறு இறங்காத மனிதர், இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். துணியை மடித்து மேசைமேல் வைத்தார்.

"இவளுக்கு நெசவு வராதுங்க சார். எவ்ளோ நாளா சொல்லிக் குடுத்துகினு இருக்கறேன், கை படியல. வேற எதுனா குரூப்ல தள்ளிடுங்க."

ராஜவேலு சார் இருக்கிறார், பியூன் இருக்கிறார், அந்த வேலு வேறு பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறான். அத்தனை பேர் எதிரில்! தறிக்காரர் தனக்கோடி, தன் மகளுக்கே கை படியவில்லை என்கிறாராம். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அறிவியல் பிரிவில் ஒரு பெண் கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனதால் ஓர் இடம் காலி. "வேற வழியில்ல, அங்க போ" என்று சுப்பராயலு சார் எனக்குத் தண்டனை விதித்தார். திங்கள்கிழமை முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். என் துயரத்தைக் கேட்டுப் பெரியம்மா கண் கலங்க வேண்டாம்.

பெரியவர்கள் இருவர் பாதங்களுக்கும் என் நமஸ்காரம். தீபாவளிக்கு எல்லோரும் வந்து எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியது.

இப்படிக்கு,
கை படியாத
குணசுந்தரி

பி.கு.: பெரியம்மா எழுந்து போனதும் இதைத் தனியே படி. தேர்வுக்கு முந்தின நாளே ராஜவேலு சார் வகுப்பில் நாலு தடவை சொன்னார்: "முடிச்சு கண்ணுக்குத் தெரியணும், அதுக்குத்தான் மார்க்கு." எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கு அவரை வரவழைத்த அன்று அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஆற்றுப்பாலம் தாண்டியதும் திரும்பாமலே சொன்னார்: "முடிச்ச ஓரத்துலேர்ந்து ரெண்டு வெரல் தள்ளிப் போட்டுகிற. உங்கம்மாவே அவ்ளோ சுத்தமா போடமாட்டா. உனுக்கு வராதுன்னு சொல்றதுக்கு எனுக்கு நாக்கே எழும்பல. டாக்டராவாம மட்டும் இரு, அப்புறம் கீது உனுக்கு." வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன் அக்கா, அவருக்குத் தெரியாமல். அதுவும் தெரிந்துதான் இருக்கும்.