ஜட்கின்ஸுக்குத் தெரியாமல் போட்ட ஓட்டு

பார்லோ மில்ஸ், நியூ ஹாம்ப்ஷயர்
1916 டிசம்பர் 7, வியாழன்

அன்பு மைத்துனன் ஆரினுக்கு,

உன் அத்தான் ஆல்வா எழுதுவது. நானும் உன் அக்கா டிர்சாவும் மூன்று பசுக்களும் நலம். அங்கே வெர்மாண்டில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறோம். எங்கள் நலத்துக்குச் சனிக்கிழமை வரைதான் ஆயுள்.

பக்கத்துப் பண்ணை ஹைரம் ஜட்கின்ஸை உனக்குத் தெரியும். அவன் ஜனநாயகக் கட்சி, நான் குடியரசுக் கட்சி. அவன் ஓட்டும் என் ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதற்காக மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆறு மைல் வண்டி கட்டுவானேன் என்று முப்பத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலன்றும் காலையில் கை குலுக்கிக்கொண்டு, இரண்டு பேருமே போகாமல் அவன் மேட்டில் விறகு அறுப்போம். இந்த ஊரில் பலர் செய்கிற ஏற்பாடுதான். "பொம்பளைங்க எங்களுக்கு ஓட்டே இல்லை. இருக்கற நீங்க ரெண்டு பேரும் அதை விறகாக்குறீங்க" என்று உன் அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

இந்த வருடம் எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. எங்கள் கட்சி வேட்பாளர் ஹியூஸுக்கு ஒவ்வொரு ஓட்டும் தேவை என்று பத்திரிகையில் படித்துப் படித்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கை குலுக்கினேன், பத்து மணி வரை அறுத்தேன், திடீரென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்றேன். ஹைரம் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கிராம்புத் தைலம் கொண்டுவந்தான். "வண்டியை நான் ஓட்டட்டுமா ஆல்வா?" என்றான். வேண்டாம் என்று நானே ஓட்டிக்கொண்டு ஊர் மன்றத்துக்குப் போனேன், ஓட்டுப் போட்டேன். திரும்பும்போதுதான் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று உறைத்தது. பல் வைத்தியரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வாய்க்குள் பார்த்துவிட்டு, "எல்லாம் கல்லு மாதிரி இருக்கே, எதைப் பிடுங்க?" என்றார். உங்கள் விருப்பம் என்றேன். நல்ல கடைவாய்ப் பல் ஆரின்! அன்றிலிருந்து ஹைரமின் மனைவி தினமும் சோளக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள், நான் ஒரு மாதமாக இறைச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாநிலம் முழுவதும் எண்ணி முடித்தபோது ஹைரமின் கட்சி வில்சனுக்கு ஐம்பத்தாறு ஓட்டு அதிகம். வெறும் ஐம்பத்தாறு! எங்கள் கட்சிக்காரர்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. திங்களன்று எங்கள் கட்சிக்காரன் விட்சரின் மளிகைக் கடையில் நானும் ஹைரமும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். விட்சர் என்னைப் பார்த்துக் கத்தினான்: "உன்ன மாதிரி சோம்பேறிங்க ஐம்பத்தாறு பேர் வீட்ல கிடந்ததாலதான்யா மாநிலமே கைய விட்டுப் போச்சு! விறகு அறுத்தானாம் விறகு!" நான் போட்டேனடா பாவி என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் ஹைரம். விழுங்கிவிட்டேன். ஹைரமோ எழுந்து நின்று, "ஏய், ஆல்வா போகலைன்னா நானும்தான் போகலை. சரிக்குச் சரி. அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன். அவனைப் பேசினா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றான். ஆரின், அந்த இடத்திலேயே அடுப்புக்குள் இறங்கிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

விட்சர் விடவில்லை. ஓட்டுப் போடாதவர்கள் யார் யார் என்று சனிக்கிழமை காலை ஊர் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் வாக்காளர் பட்டியலைப் படிக்கப் போகிறார்கள். என் பெயருக்கு எதிரே போட்டான் என்ற குறி இருக்கிறது. கட்சி என்னைக் கட்டிக்கொள்ளும், ஹைரம் என் முகத்தில் விழிக்க மாட்டான். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவன் கதவு வரை போனேன். இரண்டு முறையும் கஞ்சியோடு திரும்பி வந்தேன். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவனுக்கு இது தெரியவரும் நேரத்தில் நான் இந்த ஊரிலேயே இருக்கக்கூடாது. ஆகவே நீ தந்தி போல் பாவித்து உடனே பெரிய வண்டியோடு வா. நாங்கள் வெர்மாண்டுக்கே வந்துவிடுகிறோம். பசுக்களை நடத்திக்கொண்டு வரலாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் உங்களை நல்ல அண்டை வீட்டாரோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மானம் போகவிருக்கும் உன் அத்தான்,
ஆல்வா பீஸ்லி

பி.கு. (சனி மாலை): கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தைரியம் வரவில்லை, அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வண்டி வேண்டாம். என் பெயரைப் படித்து, "போட்டார்" என்றார்கள். ஹைரம் மெதுவாக எழுந்தான். "தெரியும். அன்னிக்கே மேட்டுல இருந்து பாத்தேன், நேர் கீழ மன்றத்து வாசல்ல உன் வண்டி நின்னுச்சு" என்றான். "பாத்தியா? பாத்துமா நீ போகலை?" என்று நான் அலறினேன். "ஓட்டுப்பதிவு முடிய இன்னும் மூணு மணி நேரம் இருந்துச்சு, போயிருக்கலாம். ஆனா கை குடுத்துட்டேனே. நீ மாறினா நானும் மாறணுமா?" என்றான். கடையில் எனக்காக ஏன் பேசினாய் என்று கேட்டேன். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான். பிறகு தீர்ப்புச் சொன்னான்: அடுத்த தேர்தலில் அவன் போவான், நான் வீட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் சரிக்குச் சரி. எல்லோர் முன்னாலும் கை கொடுத்துவிட்டேன், விட்சர் பல்லைக் கடித்தான். ஆரின், ஹைரமுக்கு எழுபத்தொரு வயது, நெஞ்சில் சளி வேறு. என் கடன் தீர அந்த ஒரு ஜனநாயகக் கட்சி ஓட்டு இன்னும் நான்கு வருடம் உயிரோடு இருக்க வேண்டும் என்று இன்றிலிருந்து முழங்காலிட்டு ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி.