மெமரி பத்தலை

"மெமரி சுத்தமா பத்தலைங்க! எத்தனை தடவை தட்டினாலும் அப்படியே முழிச்சிக்கிட்டு நிக்குது. பழசுதானே, பதினஞ்சு வருஷமாச்சு. உடனே வந்து ஏத்திக் கொடுங்க!"

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால், செயலாளர் மாடிப்படியில் நின்று கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் போனில் கத்தினார். மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்புச் சங்கத் தேர்தல். ஒன்பது வருடமாகக் கட்டிக் காத்த பதவி. உறுப்பினர் பட்டியலோ அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள்.

படியேறி வந்த எதிர்வீட்டு அம்மாள் முதல் பாதியை மட்டும் கேட்டாள். அது போதாதா?

அரை மணியில் பல் டாக்டர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தேர்தலில் எதிர்த்து நிற்பவர்.

"கேள்விப்பட்டேன் சார். மறதிக்கெல்லாம் இப்ப நல்ல மாத்திரை இருக்கு. பதவிய விட்டுட்டு ரெஸ்ட் எடுங்க."

"யாருக்குய்யா மறதி? மெமரி பத்தலைன்னது பெட்டிக்கு!"

"எந்தப் பெட்டிக்கு?"

"மேஜைக்கடியில இருக்கே, அதுக்கு!"

"ஐயோ பாவம்," என்றாள் பின்னாலேயே வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள். "மெமரிய மேஜைக்கடியில வச்சிருக்காராம்."

செயலாளர் வீடு வீடாக விளக்கம் சொல்லக் கிளம்பினார். நான்காம் மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. "நான் எதுக்கு வந்தேன்னா..." என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் செய்தி அவருக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டது.

அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க பேசப் பேச ஓட்டு குறையுது. சும்மா உட்காருங்க!"

உட்காரவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்றார். "பட்டியலே வேண்டாம்!" என்றவர், நாற்பத்தெட்டு வீட்டுக்காரர் பெயரையும், போன் நம்பரையும், யார் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதையும் கடகடவென ஒப்பித்தார். ஒரு பிழை இல்லை. கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர் தன் வாயை மூடிக்கொண்டார்.

"செயலாளருக்கு ஓட்டுப் போடறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் பாதி உயர்ந்தபோது, வாசலில் கருவிப் பையோடு மெக்கானிக் வந்து நின்றார்.

"சார், முந்தாநேத்து கூப்பிட்டீங்க, ஒரு மெமரி போட்டேன். நேத்தும் கூப்பிட்டீங்க, இன்னொண்ணு போட்டேன். இனிமே பெட்டியில இடமில்ல, தினமும் மறக்கற பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கங்களேன்!"