சாய்ந்த கோபுரத்துக்கு எதிர்வீட்டுப் பெண்

காஜா பேராங், மலாக்கா
1931 மே 5

அன்பும் துஆவும் பெருகும் என் தங்கச்சி மகன் யூனுஸுக்கு, உன் பெரியம்மா சுலைகா பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் இங்கு நாங்கள் சுகம். அங்கு நீ சுகமாயிருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கை ஏந்துகிறேன். உன் கடுதாசி கிடைத்தது. தெலுக் ஆன்சனில் உனக்குப் பெண் பொருந்தி வந்திருப்பதும், சஹர்பான் என்ற அந்தப் பெண் குர்ஆனை மூன்று தடவை ஓதி முடித்தவள் என்பதும், தாயில்லாத உனக்காக அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்து பூ வைத்தால்தான் பேச்சு உறுதியாகும் என்பதும் படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியைப் படிச்சதும் கடுதாசியைக் கீழே போட்டுட்டேன் ராசா.

பொண்ணு வீட்டுக்கு எதிர்த்தாப்புல அந்தச் சாய்ஞ்ச கோபுரமாமே! அதுவும் அவங்க வாசல் பக்கமாத்தான் சாய்ஞ்சிருக்காமே! பொண்ணைப் பார்த்த கையோட, "நூத்திப்பத்துப் படி ஏறினா ஊரையே பார்க்கலாம் பெரியம்மா"ன்னு வேற எழுதியிருக்கே. ஏண்டா, நான் உனக்கு என்னடா பாவம் பண்ணினேன்?

அன்னியிலேர்ந்து சோறு இறங்கலை. கட்டிக் கொஞ்ச வருசத்துலேயே சாய்ஞ்சுடுச்சாம், மீன்காரர் சொல்றார். அது பத்தாதுன்னு உள்ளே ஊருக்கே தண்ணி குடுக்குற தொட்டியாம்! இடுப்புல குடம் லேசாச் சாய்ஞ்சாலே சேலை நனையுது, அத்தாம்பெரிய தொட்டி சாய்ஞ்சா? உன் பெரியத்தாகிட்ட, அதான் எங்க வீட்டு மனுசன்கிட்ட சொன்னேன். "அது விழாது சுலைகா, இப்பப் பாரு"ன்னு கடையில எட்டு பிஸ்கட் டின்னைச் சாய்ச்சுச் சாய்ச்சு அடுக்கிக் காட்டினார். நான் ஒரு யாசீன் ஓதி முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு. "பார்த்தியா?"ன்னு அவர் மேசையைத் தட்டினார், எட்டும் சரிஞ்சு அவர் கால்மேலேயே விழுந்துச்சு. இப்ப நொண்டிக்கிட்டே, "அது டின்னு, இது செங்கல்லு"ங்கிறார். டின்னுக்கே கால் வீங்கிச்சுன்னா செங்கல்லுக்கு என்ன மிஞ்சும்? பக்கத்துக் கம்போங்குல குடியிருக்கிற நாகம்மாவுக்குத் தமிழ்ல பேரு மட்டுந்தான், வாயில மலாய்தான். அவளும் என்னைப் போகவே விடமாட்டேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஜாங்கான் பெர்கி! ஜாங்கான் பெர்கி!"ன்னு அழுதா.

அங்கே வர்றதுக்கு உண்டான வழியெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன். தம்பின்ல ரயிலு மாறி, தாப்பா ரோட்டுல இன்னொரு தரம் மாறி வந்துடலாம். வாசப்பக்கம் போகாம கொல்லை வழியா அவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா என்னன்னு நினைச்சேன். பொண்ணு பார்க்க வந்தவளைக் கோழி திருட வந்தவள்னு நினைச்சுட்டா உனக்குத்தானே தலைக்குனிவு? உன் அம்மா மவுத்தாகுறப்ப உன் கையை என் கையில வச்சா. இவனுக்காக உசுரையும் குடுப்பேன்னு சொன்னேன், மறுக்கலை. ஆனா கோபுரம் விழுந்து குடுக்கணும்னு அவ கேக்கலையேடா!

அதனால பொண்ணையும் அவ அம்மா மரியம் பீவியையும் நீயே மலாக்காவுக்கு ரயிலேத்தி விடு. இங்கேயே பார்த்து இங்கேயே பூ வைக்கிறேன். நம்ம ஊர்ல பயப்பட ஒண்ணுமே இல்லை. வரமாட்டேன்னா இந்தச் சம்பந்தமே வேணாம், எல்லாம் நேரா நிக்கிற ஊராப் பார்த்து வேற பொண்ணு தேடுவோம். இதுதான் என் முடிவு.

உன் தலைக்கு மேலே இருக்கிறது எல்லாத்தையும் அதுஅது இருக்கிற இடத்துலேயே ஆண்டவன் நிறுத்தி வைக்கட்டும். ஆமீன்.

துஆவுடன்,
பெரியம்மா சுலைகா பீவி

பி.கு.: உறையை ஒட்டப்போற நேரத்துல மரியம் பீவியோட கடுதாசி வந்துச்சு. "வெள்ளிக்கிழமை அவசியம் வந்துடுங்க. பொண்ணை அங்கே கூட்டிட்டு வான்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க ஊர்க் குன்னு மேலே கூரையில்லாத பழைய மாதாகோயில் செவுரு மொட்டையா நிக்குதாமே, அதுக்கடியிலேயே சனங்க நடமாடுறாங்களாமே, அங்கே எப்படிப் பொண்ணை அனுப்புவேன்? எங்க ஊர்ல பயப்பட ஒண்ணுமே இல்லை"ன்னு எழுதியிருக்கா. என்ன பொம்பளை இவ! அந்தச் செவுத்து நிழல்ல உக்காந்துதானேடா பெருநாளுக்குப் பெருநாள் உனக்கும் உன் அம்மாவுக்கும் பிரியாணி போட்டேன்? இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நேர்ல பார்த்து நாலு வார்த்தை தைரியம் சொல்லாம இருக்க முடியுமா, சம்பந்தியாகப் போறவளாச்சே! வியாழக்கிழமை ரயிலுக்கு வர்றேன். பூவுக்குச் சொல்லி வை. டேசனுக்கு வர்றப்ப பெரிய குடையா ஒண்ணு எடுத்துட்டு வா. மழைக்கு இல்லை.